தொகையை விரித்தால் ஜெர்மன் வரும்: ஆங்கில ஒட்டுப் பெயரடைகளை மொழிபெயர்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் படிக்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். மொழித்தேர்வில் பி1 நிலை வரைக்கும் எப்படியோ ஏறிவிடுகிறார்கள். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனியில் பொதுவாகக் கேட்கிற அடுத்த நிலையான பி2-வுக்கு வந்து, நோயாளியைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கிறார்கள். சுகர்-ஃப்ரீ, பெட்-ரிடன், லைஃப்-த்ரெட்டனிங், டூ-ஹவர்லி என்று ஆங்கிலம் இரண்டு சொல்லை ஒட்டவைத்துப் பெயரடையாக்குகிறதே, அந்த இடம்தான். தக்கலையில் சாயங்கால வேளைகளில் கொஞ்சம் பேருக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே திரும்பத் திரும்பப் பார்த்த தப்புகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், உச்சரிப்பு ஏறக்குறையத்தான் வரும். எழுத்துக்கூட்டை அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ஒலியையும் அங்கேயே அழுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி, ஆங்கிலச் சொல்லை அப்படியே ஜெர்மனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் நடுவில் தமிழில் ஒரு நிமிடம் நிறுத்துவது. பள்ளியில் தொகைநிலைத் தொடர் படித்தோம் இல்லையா? வேற்றுமைத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடம் இங்கே அப்படியே கைகொடுக்கும். ஆங்கில ஒட்டுச்சொல்லும் ஒரு தொகைதான், இரண்டு சொல்லுக்கு நடுவில் ஏதோ ஒரு உறவு மறைந்து நிற்கிறது. அதை விரித்துச் சொல்லிவிட்டால் ஜெர்மனில் எந்த வடிவம் வரும் என்பது பாதி தெரிந்துவிடும். விரிக்காமல் போனால் அகராதியில் இரண்டு சொல்லையும் தனித்தனியாகத் தேடி ஒட்டி, ஜெர்மன்காரர் யாரும் சொல்லாத ஒன்றைச் செய்து வைப்போம்.

ஃபீவர்-ரெட்யூஸிங் என்றால் 'காய்ச்சலைக் குறைக்கிற'. 'ஐ' உருபு மறைந்திருக்கிறது, பின்னால் செய்கிற வினை. இந்த மாதிரி வந்தால் ஜெர்மன் பெரும்பாலும் வினையின் நிகழ்கால எச்சத்தை, அதாவது 'எண்ட்' அல்லது 'ண்ட்' என்று முடிகிற வடிவத்தை, பெயரின் பின்னால் ஒட்டும்: ஃபீபர்ஸெங்கெண்ட். வலியைத் தணிக்கிற என்றால் ஷ்மெர்ட்ஸ்லிண்டர்ண்ட், இரத்த அழுத்தத்தைக் குறைக்கிற என்றால் ப்ளூட்ட்ருக்ஸெங்கெண்ட், உயிரைக் காக்கிற என்றால் லேபென்ஸ்ரெட்டெண்ட். 'ஸீ பெகொம்ட் ஐன் ஃபீபர்ஸெங்கெண்டெஸ் மெடிகாமென்ட்', அவருக்குக் காய்ச்சல் குறைக்கிற மருந்து கொடுக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான என்பதற்கு மட்டும் லேபென்ஸ்பெட்ரோலிஷ் என்று வேறு வால் வரும், அதைத் தனியாக மனதில் வையுங்கள்.

ஹேண்ட்-கார்வ்ட் என்றால் 'கையால் செதுக்கிய'. இங்கே 'ஆல்' உருபு, பின்னால் செய்து முடித்த வினை. ஜெர்மனிலும் முடிந்த வினையின் வடிவம் வரும், பெரும்பாலும் 'கெ' என்று தொடங்கும். ஆனால் இதில் ஒரு கிளை பிரிகிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் மர விதானத்தைப் பற்றி எழுதினால் ஹாண்ட்கெஷ்னிட்ஸ்ட், மயிலாடியில் கல் கொத்திச் செய்கிற சிலையைப் பற்றி எழுதினால் ஹாண்ட்கெமைஸெல்ட். ஆங்கிலம் மரத்துக்கும் கல்லுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொள்கிறது, ஜெர்மன் கத்தியையும் உளியையும் பிரித்துப் பார்க்கிறது. அதனால் விரிக்கும்போது 'எதை வைத்து, எதன் மேல்' என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுப் பழகுங்கள். செக்கில் சூடேறாமல் ஆட்டிய தேங்காய் எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் கோல்ட்-ப்ரெஸ்ட் என்று எழுதுகிறோமே, அது சிக்கலில்லாமல் கால்ட்கெப்ரெஸ்ட் ஆகிவிடும்.

'கு' உருபு மறைந்தால் ஃப்ரொய்ண்ட்லிஷ் என்ற வால் அடிக்கடி உதவும். குழந்தைகளுக்கு ஏற்ற என்பது கிண்டர்ஃப்ரொய்ண்ட்லிஷ், பயன்படுத்துகிறவருக்கு எளிதான என்பது பெநுட்ஸர்ஃப்ரொய்ண்ட்லிஷ். 'இல்' மறைந்த 'நீரில் கரைகிற' மாத்திரை வஸ்ஸர்லோஸ்லிஷ். தண்ணீர் என்றதும் இன்னொன்று: குளச்சலில் மீன்பிடிக்கப் போகிறவர் போடுகிற வாட்டர்ப்ரூஃப் கோட்டுக்குள் தண்ணீர் இறங்காது, அது வஸ்ஸர்டிஷ்ட். வாட்டர்ப்ரூஃப் மையால் எழுதியது தண்ணீர் பட்டாலும் அழியாது, அது வஸ்ஸர்ஃபெஸ்ட். மேலே விழுந்த துளியை உருட்டிவிடுகிற துணி வஸ்ஸர்அப்வைஸெண்ட். தமிழில் 'இறங்காத, அழியாத, ஒட்டாத' என்று மூன்றாக விரித்துப் பார்த்தவருக்கு இந்த மூன்றும் குழம்பாது.

உவமைத்தொகைதான் இருப்பதிலேயே சுலபம். பனி போல வெள்ளை ஷ்னேவைஸ், கல் போலக் கடினம் ஷ்டைன்ஹார்ட். நோயாளியின் முகம் வெளுத்துப்போனால் ஜெர்மன்காரர் சாக்பீஸோடு ஒப்பிட்டு கிரைடெப்ளைஷ் என்பார். உம்மைத்தொகையில் கசப்பும் இனிப்பும் சேர்ந்த பிட்டர்ஸ்யூஸ் மாதிரி சில உண்டு. காது கேளாமையையும் பேச முடியாமையையும் சேர்த்துச் சொல்கிற டௌப்ஷ்டும் என்ற பழைய சொல் அகராதியில் கண்ணில் படும், ஆனால் அது அந்த மக்களைப் புண்படுத்தும், கெஹோர்லோஸ் என்றே சொல்லுங்கள்.

அன்மொழித்தொகைக்கு வருவோம். 'பொற்றொடி வந்தாள்' என்றால் பொன் வளையலை உடைய பெண் வந்தாள். ஆங்கிலத்தில் ப்ளூ-ஐட், லெஃப்ட்-ஹேண்டட், டார்க்-ஹேர்ட் என்று 'ட்' போட்டு முடிகிற சொற்கள் எல்லாம் இதே வகை, நீலக் கண்ணை உடைய, கறுத்த முடியை உடைய என்று விரியும். இதற்கு ஜெர்மனில் வால் 'இக்': ப்ளௌஒய்கிக், டுங்கெல்ஹாரிக், லிங்க்ஸ்ஹெண்டிக், உடம்பின் வலப்பக்கத்தில் உள்ள என்பதற்கு ரெஷ்ட்ஸ்ஸைடிக். ப்ளௌஒய்கிக் என்பதற்கு எல்லாவற்றையும் நம்பிவிடுகிற வெள்ளந்தி என்ற பொருளும் உண்டு. ஒருவருடைய கண் நிறத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றால் 'அவருக்கு நீலக் கண்கள்' என்று முழு வாக்கியமாகவே சொல்வது நல்லது: 'எர் ஹாட் ப்ளௌஎ ஔகென்'.

சரி, விரித்தாயிற்று. இரண்டாவது படியாக, இதற்கு ஜெர்மனில் ஏற்கெனவே ஒற்றைச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்ட்-வொர்க்கிங் என்பதை விரித்தால் 'கடினமாக உழைக்கிற', தமிழிலேயே 'உழைப்பாளி' என்று முடித்துவிடலாம், ஜெர்மனில் ஃப்லைஸிக். வெல்-நோன் என்பது பெகண்ட், ஓப்பன்-மைண்டட் என்பது ஔஃப்கெஷ்லொஸ்ஸென். இரண்டு சொல்லுக்கு இரண்டு சொல் கிடைத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதே படியில் ஒரு பள்ளம் இருக்கிறது. செல்ஃப்-கான்ஷியஸ் என்றால் ஆங்கிலத்தில் மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று கூசுவது. அதைத் துண்டு துண்டாக மாற்றினால் ஸெல்ப்ஸ்ட்பெவுஸ்ட் என்று வரும், ஜெர்மனில் அதற்குத் தன்னம்பிக்கை உள்ளவர் என்று பொருள், நேர் எதிர். நேர்காணலில் 'ஜெர்மன் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது' என்று சொல்ல நினைத்து இந்தச் சொல்லைப் போட்டால், கேட்கிறவர் நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். கூச்சத்துக்கு கெஹெம்ட் அல்லது பெஃபாங்கென்.

மூன்றாவது, வால் எது என்று தேர்வது. இதில் நேரம் செலவழியுங்கள், பலன் அதிகம்.

இல்லாமையைச் சொல்ல ஜெர்மனில் ஃப்ரை, லோஸ் என்று இரண்டு வால்கள். ஆங்கில ஃப்ரீயைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் ஃப்ரை போடக் கை போகும். இல்லாமல் இருப்பது நல்லது, நிம்மதி என்றால் ஃப்ரை, இருக்க வேண்டியது இல்லாமல் போனால் லோஸ் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆர்பைட்ஸ்ஃப்ரை என்றால் வேலை கிடையாது, விடுமுறை. ஆர்பைட்ஸ்லோஸ் என்றால் வேலையில்லாத் திண்டாட்டம். 'டேர் எர்ஸ்டெ மை இஸ்ட் ஆர்பைட்ஸ்ஃப்ரை', மே 1 அங்கேயும் விடுமுறை. 'எர் இஸ்ட் ஆர்பைட்ஸ்லோஸ்', அவருக்கு வேலை இல்லை. வலியிலும் இந்தப் பிரிவு வரும், ஆனால் வேறு மாதிரி: நோயாளிக்கு வலி இல்லை என்றால் அவர் ஷ்மெர்ட்ஸ்ஃப்ரை, ஊசி போட்டது வலிக்கவில்லை என்றால் அந்தச் செயல் ஷ்மெர்ட்ஸ்லோஸ். ஆளுக்கு ஒன்று, செயலுக்கு ஒன்று.

லோ-சால்ட், லோ-ஃபேட் என்று ஆங்கிலம் 'குறைந்த' என்பதை முன்னால் வைக்கும், ஜெர்மன் அதைப் பின்னால் கொண்டுபோகும்: ஸால்ட்ஸ்ஆர்ம், ஃபெட்ஆர்ம். ஆர்ம் என்றால் தனியாக 'ஏழை' என்று பொருள், உப்பில் ஏழை, கொழுப்பில் ஏழை. நிறைய இருந்தால் ரைஷ், அதாவது பணக்காரர்: புரதம் நிறைந்த உணவு ஐவைஸ்ரைஷ். ஏழை, பணக்காரர் என்று ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது.

சீட்டு இருந்தால்தான் தருவோம் என்கிற மருந்துக்கு ஆங்கிலத்தில் ப்ரிஸ்க்ரிப்ஷன்-ஒன்லி. இதில் ஒன்லியைத் தேடிப் போகாதீர்கள். விரித்தால் 'சீட்டு கட்டாயம் வேண்டிய', கட்டாயத்துக்கு ப்ஃப்லிஷ்டிக்: ஃபெர்ஷ்ரைபுங்ஸ்ப்ஃப்லிஷ்டிக். இதோடு அபொடேகென்ப்ஃப்லிஷ்டிக் என்று ஒன்றும் பெட்டிகளின் மேல் இருக்கும், மருந்துக்கடையில் மட்டும்தான் விற்கலாம் என்று அதற்குப் பொருள், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்று இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். ஏஜ்-ரிலேட்டட் என்பதையும் இப்படியே 'முதுமையால் வந்த' என்று விரித்தால் ஆல்டெர்ஸ்பெடிங்ட், நோயால் வந்த என்றால் கிராங்க்ஹைட்ஸ்பெடிங்ட். ரிலேட்டட் என்பதைத் 'தொடர்பான' என்று மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்கு இது கிடைக்காது, காரணம் மறைந்திருப்பதைப் பார்த்தவருக்கே கிடைக்கும்.

இப்போது நடுவில் ஒரு 'ஸ்' வந்ததைக் கவனித்தீர்களா? ஆர்பைட் என்பதும் லோஸ் என்பதும் சேரும்போது ஆர்பைட்ஸ்லோஸ். இந்த 'ஸ்' எதற்கு என்று வகுப்பில் கேட்காதவர் இல்லை. நம்மிடமும் இது உண்டு. புளி, பழம் இரண்டும் சேர்ந்தால் புளியம்பழம், மரம், கிளை சேர்ந்தால் மரத்துக்கிளை. நடுவில் வந்த அம், அத்து இரண்டுக்கும் தனியாகப் பொருள் கிடையாது, சாரியை. ஜெர்மனின் அந்த 'ஸ்', 'ன்', 'என்' எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. வெயிலில் காய்ந்த தக்காளிக்கு ஸொன்னென்கெட்ரொக்னெட் என்று எழுதும்போது நடுவில் ஒரு 'ன்' வருகிறது. எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு முழு விதி இல்லை, ஆனால் ஒரு நல்ல பிடி உண்டு: முதல் சொல் உங், ஹைட், கைட், ஷாஃப்ட், டேட், இயோன் என்று முடிந்தால் 'ஸ்' வரும் என்று நம்பி எழுதலாம். மேலே வந்த ஃபெர்ஷ்ரைபுங், கிராங்க்ஹைட் இரண்டிலும் வந்ததைப் பாருங்கள். சர்க்கரை, உப்பு, கொழுப்பு, காய்ச்சல், வலி மாதிரிச் சின்னச் சொற்களில் வரவில்லை.

எழுதும்போது சேர்த்து ஒரே சொல்லாக எழுதுங்கள், ஆங்கிலக் கோடு வேண்டாம். முதல் பாதி பெயர்ச்சொல்லாக இருந்தாலும் முழுச் சொல்லும் பெயரடைதான், அதனால் ட்ஸுக்கர்ஃப்ரை சின்ன எழுத்தில் தொடங்கும். எண்ணை இலக்கமாக எழுதினால் கோடு வரும், 5-யேரிக் என்பது போல. பலமாகக் காயம்பட்ட என்பது மாதிரிச் சில சொற்களைப் பிரித்தும் எழுதலாம், சேர்த்தும் எழுதலாம். 1996-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தமும் 2006-ல் அதில் செய்த திருத்தமும் விட்டுவைத்த இடம் இது. பழைய புத்தகத்தில் ஒரு மாதிரியும் புதியதில் வேறு மாதிரியும் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

நான்காவது படி, பெயரடையே வேண்டாம் என்று ஜெர்மன் சொல்கிற இடங்களைக் கண்டுபிடிப்பது. இரண்டு விதமாக இது நடக்கும். ஒன்று, பெயரடை பின்னால் வருகிற பெயரோடு கரைந்து ஒரே பெயர்ச்சொல் ஆகிவிடும். பார்ட்-டைம் வேலை என்பது டைல்ட்ஸைட்ஷ்டெல்லெ, இரண்டு கட்டில் உள்ள அறை ட்ஸ்வைபெட்ட்ஸிம்மர், ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற கையுறை ஐன்மால்ஹாண்ட்ஷூஹெ. கையுறையை அவர்கள் 'கைச்செருப்பு' என்றுதான் சொல்கிறார்கள். இன்னொன்று, ஒட்டுச்சொல் பிரிந்து சொற்றொடராகிவிடும். கன்னியாகுமரியில் லாட்ஜ் போர்டுகளில் ஸீ-ஃபேஸிங் ரூம் என்று எழுதியிருப்பார்களே, அதைக் 'கடலைப் பார்க்கிற' என்று வினை வைத்து ஜெர்மனில் கட்டினால் யாரும் சொல்லாத ஒரு சொல் வரும். அங்கே சொல்வது 'ட்ஸிம்மர் மிட் மேர்ப்ளிக்', கடல் காட்சியோடு கூடிய அறை, அவ்வளவுதான். உயரம், நீளம், எடை எல்லாமும் இப்படியே பிரிந்து நிற்கும். 2000 ஜனவரி 1-ல் திறந்த நம் வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. அதை 'டீ 133 ஃபூஸ் ஹோஹெ ஷ்டாடூஎ' என்று மூன்று சொல்லாக எழுத வேண்டும், ஒட்டக் கூடாது. ஃபூஸ் என்பதை மீட்டராக்கி 'டீ ரண்ட் 40 மேட்டர் ஹோஹெ ஷ்டாடூஎ' என்றால் ஜெர்மன்காரருக்கு உயரம் சட்டென்று மனதில் நிற்கும்.

அடுத்தது நேரம். நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ட்ஸ்வைஷ்ட்யூண்டிக் என்றால் இரண்டு மணி நேரம் நீடிக்கிற. ட்ஸ்வைஷ்ட்யூண்ட்லிஷ் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வித்தியாசம் வாலில் மட்டும்தான், 'இக்' என்றால் எவ்வளவு நேரம், 'லிஷ்' என்றால் எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை. படுத்த படுக்கையாக இருக்கிறவரைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லி எழுத நினைத்து, வாலை மாற்றி எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் வேறு ஒன்றைப் புரிந்துகொள்வார். நோயாளியின் முதுகுதான் அதற்கு விலை கொடுக்கும். மாதத்திலும் இதே கதை: ட்ரைமோனாடிக் மூன்று மாதம் நீடிப்பது, ட்ரைமோனாட்லிஷ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வேலை ஒப்பந்தத்தில் ஆறு மாதத் தகுதிகாண் காலம் என்று வருகிற இடத்தில் ஸெக்ஸ்மோனாடிகெ ப்ரோபெட்ஸைட் என்று 'இக்' வால்தான் இருக்கும், இப்போது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்தாவது படி, விகுதி. தமிழில் 'நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு' என்று பெயரடை அசையாமல் நிற்கும், ஜெர்மனில் அசையும். ஒட்டுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசியில் மட்டும்தான் விகுதி ஏறும், நடுவில் எதையும் தொடாதீர்கள். 'டேர் டே இஸ்ட் ட்ஸுக்கர்ஃப்ரை' என்று வாக்கியத்தின் முடிவில் வந்தால் விகுதியே வேண்டாம். பெயருக்கு முன்னால் வந்தால் 'ஐன் ட்ஸுக்கர்ஃப்ரையர் டே', 'மிட் ட்ஸுக்கர்ஃப்ரையெம் டே' என்று மாறும். இந்த விகுதி அட்டவணை நீங்கள் ஏ2-விலேயே படித்ததுதான், புதிதாக ஒன்றும் இல்லை, நீளமான சொல்லைப் பார்த்து மறந்துபோகாமல் இருந்தால் போதும்.

கடைசியாகச் சரிபார்ப்பு. செய்த சொல்லை டூடன் அகராதியில் தேடுங்கள். இணையத்தில் இலவசமாக டேவேடேஎஸ் (DWDS) என்ற அகராதியும் இருக்கிறது, அதில் அந்தச் சொல் நிஜமான எழுத்தில் எப்படி வந்திருக்கிறது என்று வாக்கியங்களையே காட்டும். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் சொல் இருக்கிறதா என்பதோடு அது எந்தச் சொல்லின் பக்கத்தில் நிற்கிறது என்பதும் தெரியும். இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால் அந்த ஒட்டுச்சொல்லை விட்டுவிட்டு, தமிழில் விரித்த அதே விரிவை ஒரு சின்ன வாக்கியமாக ஜெர்மனில் எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் புரியும், தேர்விலும் வார்டிலும் புரிவதுதான் முக்கியம்.

இதுவரை சொன்னதை எல்லாம் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பார்க்கலாம். 78 வயது, படுத்த படுக்கை, நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை, உப்புக் குறைந்த சாப்பாடு, இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறோம். ஷிஃப்ட் மாறும்போது சொல்ல வேண்டியது இவ்வளவும்: 'டீ 78-யேரிகெ, பெட்லேகெரிகெ பட்ஸியென்டின் இஸ்ட் ஸைட் கெஸ்டெர்ன் ஃபீபர்ஃப்ரை, பெகொம்ட் ஸால்ட்ஸ்ஆர்மெ கொஸ்ட் உண்ட் விர்ட் ட்ஸ்வைஷ்ட்யூண்ட்லிஷ் உம்கெலாகெர்ட்.' ஐந்து ஒட்டுச்சொற்கள். பெயருக்கு முன்னால் வந்த மூன்றுக்கு 'எ' விகுதி ஏறியிருக்கிறது, ஃபீபர்ஃப்ரைக்கும் ட்ஸ்வைஷ்ட்யூண்ட்லிஷுக்கும் ஏறவில்லை. வயதை மாற்றி, நோயாளியை ஆணாக்கி, உப்புக்குப் பதில் கொழுப்பைப் போட்டு இதே வாக்கியத்தை இன்றைக்கு ஐந்து தடவை எழுதுங்கள், எழுதியதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள்.